நான்கு அங்குலம் வேண்டாம். முதலில் எடை மேடைக்குப் போய் வாருங்கள்

வாசகர் கேள்வி: ஐயா, நான் திருவொற்றியூரில் வசிக்கிறேன். என்னிடம் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் இருக்கிறது. 2019 மாடல், ஃபோர் வீல் டிரைவ், டயர் 255/60 ஆர்18. வாரத்தில் நான்கு நாள் பழவேற்காட்டில் இறாலும் நண்டும் எடுத்து, ஐஸ் பெட்டிகளில் போட்டுக் காசிமேட்டுக்குக் கொண்டுவருகிறேன். பாரம் ஐந்நூறு கிலோ வரை இருக்கும். ஏரிக்கரை மண் பாதையில் வண்டியின் அடி தட்டுகிறது. பின்னால் தொங்கும் ஸ்டெப்னியும் இரண்டு முறை உரசிவிட்டது. மழைக்காலத்தில் மணலிப் பக்கம் தண்ணீர் நின்றால் பயமாகவும் இருக்கிறது. முன்பக்கம் ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் என்ற இடைத்தகடு, பின்பக்கம் ஆக்சிலின் மேல் பிளாக் என்ற இரும்புக் கட்டை வைத்து நான்கு அங்குலம் தூக்கிவிடலாம், ஒரே நாள் வேலை என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா? வாரம் ஒருமுறை என் தாயாரும் இந்த வண்டியில் வருவார்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம். நான்கு அங்குலம் வேண்டாம். தங்கள் வேலைக்குப் பின்பக்கம் 40 மில்லிமீட்டர், முன்பக்கம் 25 முதல் 30 மில்லிமீட்டர் போதும்; அதையும் ஸ்பேசரும் பிளாக்கும் வைத்துப் பெறாமல், தங்கள் பாரத்துக்குப் பொருந்தும் ஸ்பிரிங்குகளை மாற்றிப் பெற வேண்டும். இன்னும் ஒன்று: தங்கள் வண்டிக்கு முதலில் தேவைப்படுவது உயரமே இல்லை, அது இழந்துவிட்ட உயரத்தைத் திரும்பப் பெறுவதுதான் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதற்குக் காரணம் தங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

ஸ்டெப்னி உரசியதாக எழுதியிருக்கிறீர்கள். அது பின் ஆக்சிலுக்கும் பின்னால், சட்டத்தின் அடியில் தொங்குவது. புதிதாக வந்த ஒரு பிக்கப் வண்டி, பாரம் இல்லாதபோது பின்பக்கம் சற்றுத் தூக்கித்தான் நிற்கும். பாரம் ஏறினால் சமமாக வர வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைக்கிறார்கள். ஐந்நூறு கிலோவுக்கே ஸ்டெப்னி மண்ணில் படுகிறது என்றால், ஒன்று பின் லீஃப் ஸ்பிரிங் (வளைந்த எஃகுப் பட்டைகளை, அதாவது பிளேட்டுகளை, அடுக்கிய கட்டு) தளர்ந்து தன் வளைவை இழந்திருக்க வேண்டும், அல்லது பாரம் தாங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஐஸும் தண்ணீரும் பெட்டியும் சேர்ந்து என்ன எடை வருகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். ஆகவே, ஒரு நாள் காசிமேட்டுக்கு வரும் வழியில், முழுப் பாரத்தோடு எடை மேடையில் ஏற்றுங்கள். மொத்த எடையை ஒரு முறையும், பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு முறையும் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கிய பிறகு வெறும் வண்டியையும் அதேபோல் எடுங்கள். வரும் மொத்த எடை, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடை வரம்பைத் தாண்டினால் இந்தப் பதிலின் மீதிப் பகுதிக்கு முன்பாகப் பாரத்தைக் குறைக்க வேண்டும். வண்டியைத் தூக்குவதால் அது சுமக்கக்கூடிய எடை ஒரு கிலோகூடக் கூடுவதில்லை.

எடைக்கு அடுத்தது அளவு. காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டின் கீழ் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பலர் தரையிலிருந்து அளக்கிறார்கள். டயர் தேய்மானமும் காற்றும் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். வெறும் வண்டியில் ஒரு முறை, பாரத்தோடு ஒரு முறை என எட்டு எண்கள் கிடைக்கும். இடது வலது வித்தியாசம் பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஒரு பக்க ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று கொள்ளலாம். பிறகு பாரத்தோடு இருக்கும்போதே குனிந்து, பின் ஆக்சிலுக்கு மேலே சட்டத்தில் இருக்கும் ரப்பர் பம்ப் ஸ்டாப்பைப் பாருங்கள். ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பிரிங்கின் வேலையை ரப்பர் செய்துகொண்டிருக்கிறது. தங்களுக்குக் கேட்கும் தட்டல்களில் பாதி, தரையில் படுவதால் வருவதல்ல, இதனால் வருவதாகவே இருக்கலாம். தரையில் பட்ட இடங்கள் பளபளவென்று கீறிக் கிடக்கும். அவை எவை என்று சாக்பீஸால் குறித்துவிட்டு, அதன் பிறகு எந்தக் கடைக்காரரிடமும் பேசுங்கள்.

மீன் வண்டிகளின் பின் ஸ்பிரிங் மற்ற வண்டிகளைவிட விரைவாகக் களைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. உருகும் ஐஸோடு மீன் தண்ணீர் கலந்து, தொட்டியின் இடுக்குகள் வழியாக நேராகப் பின் பிளேட்டுகளின் மேல் சொட்டுகிறது. பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் அந்த உப்பு உட்கார்ந்து துருவை வளர்க்கும். துரு வீங்கி பிளேட்டுகளைப் பிரிக்கும். நடு போல்ட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய விரிசல் விழும். என் பட்டறைக்கு வந்த ஒரு மீன் வண்டியில், வெளிப் பார்வைக்கு முழுதாகத் தெரிந்த மெயின் பிளேட், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டைக் கழற்றியதும் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. முறிந்த முகத்தின் முக்கால் பாகம் பழைய துரு, கால் பாகம் மட்டுமே புதிய வெள்ளை உலோகம். அந்த ஸ்பிரிங்கின் மேல் பிளாக் வைத்துத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு நடுக்கமாக இருக்கிறது. எனவே தொட்டிக்கு நல்ல லைனர் போட்டு, தண்ணீர் வடியும் குழாயை ஸ்பிரிங், பிரேக் குழாய் இரண்டையும் தாண்டி வெளியே விடுங்கள். சவாரி முடிந்த அன்றே நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள்.

இனி, தூக்குவதால் எது உயரும், எது உயராது என்பதைப் பார்ப்போம். வி-கிராஸின் முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கோடு தனித்தனியாக இயங்கும் டபுள் விஷ்போன் அமைப்பு; ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே அப்பர் ஆர்ம், கீழே லோயர் ஆர்ம் என இரு கைகள் பிடித்திருக்கும். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கின் கீழே ஒரே உருளையான ஆக்சில். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் சட்டமும் தொட்டியும் ஸ்டெப்னியும் உயருமே தவிர, பின் ஆக்சிலும் அதன் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) கூடும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவை உயர டயரின் விட்டம் ஒன்றே வழி. தங்கள் டயரின் விட்டம் கணக்குப்படி 763 மில்லிமீட்டர். 265/60 ஆர்18 போட்டால் 775. விட்டத்தில் பாதிதான் தரைக்கு மேல் கிடைக்கும் என்பதால் ஆதாயம் ஆறு மில்லிமீட்டர். 265/65 ஆர்18 போட்டால் இருபது மில்லிமீட்டர் வரை கிடைக்கும்; ஆனால் ஸ்பீடோமீட்டர் அறுபது காட்டும்போது வண்டி அறுபத்து மூன்றில் ஓடும், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் உள் மட்கார்டில் உரசக்கூடும், பிரேக்குக்கும் கிளட்சுக்கும் வேலை கூடும். தங்களுக்கு இது தேவையில்லை. சாக்பீஸ் குறிகள் டிஃபரென்ஷியல் கூட்டின் மேல் விழுந்தால் மட்டும் டயரைப் பற்றி யோசியுங்கள். ஸ்டெப்னியிலும் சட்டத்திலும் விழுந்தால் ஸ்பிரிங்கே மருந்து.

முன்பக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான்கு அங்குலம் கெடுப்பது இந்த இடத்தைத்தான். முன் ஸ்பிரிங் லோயர் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருப்பதால், மேலே பத்து மில்லிமீட்டர் தடிமனான ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு உயரம் வந்துவிடும். இதைச் சொல்லாமலே ஸ்பேசர் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். உயரம் கூடக்கூட இரு ஆர்ம்களும் கீழ்நோக்கிச் சாய்ந்துகொண்டே போகும்; சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஆர்மின் நுனியில் உள்ள மேல் பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டு தன் எல்லையைத் தொடும், அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கின் மேல் இடிக்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்பதால் டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டும் சாய்ந்த கோணத்திலேயே நாளெல்லாம் சுழல வேண்டியிருக்கும். நூறு மில்லிமீட்டர் தூக்கிய ஒரு பிக்கப் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது. ஷாஃப்டின் நுனியில் வளைந்து சுழலும் மூட்டான சி.வி. ஜாயின்டின் ரப்பர் உறை (பூட்), அக்கார்டியன்போல விரிந்து மடங்க வேண்டிய மடிப்புகள் ஒரு பக்கம் ஒன்றோடொன்று தேய்ந்து, பிளேடால் கீறியதுபோல வரிசையாக வெடித்திருந்தது. உள்ளிருந்த கிரீஸ் முழுவதும் வட்டமாகச் சக்கரத்தின் உள்பக்கம் தெளித்திருந்தது, அந்தக் கிரீஸில் மணல் ஒட்டியிருந்தது. ஜாயின்ட், பால் ஜாயின்ட், டயர் என மூன்றையும் அந்த உரிமையாளர் மாற்ற வேண்டியதாயிற்று. ஐம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் அப்பர் ஆர்மை மாற்றுவதும் முன் டிஃபரென்ஷியலைக் கீழே இறக்குவதும் சேர்ந்தே வர வேண்டும். அது ஒரு நாள் வேலையும் அல்ல, அளவான உயர்த்தலும் (லிஃப்ட்) அல்ல.

ஸ்பேசர் என்ற பொருளே தீங்கானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பழைய ஸ்பிரிங்கையும் பழைய ஷாக் அப்சார்பரையும் அப்படியே வைத்துக்கொண்டு நிற்கும் உயரத்தை மட்டும் கூட்டுகிறது. சக்கரம் கீழே இறங்கக்கூடிய தூரம் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. வேகத்தடையை இறங்கும்போது முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால், ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்டு தன் எல்லையில் இடிக்கிறது என்று அறியலாம். ஆகவே சக்கரத்தில் 25 முதல் 30 மில்லிமீட்டர் உயரம் தரும் காயில் ஸ்பிரிங்கையும், அதற்கென்றே அமைந்த ஷாக் அப்சார்பரையும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து தொகுப்பாக வாங்குங்கள். வாங்கும்போது எத்தனை அங்குலம் என்று மட்டும் கேட்காமல், முன்பக்கம் இரும்பு பம்பர், வின்ச் எதுவும் இல்லை என்பதைச் சொல்லி, அந்த எடைக்கான ஸ்பிரிங்கைக் கேளுங்கள். பம்பர் உள்ள வண்டிக்கான கனத்த ஸ்பிரிங்கை வெறும் மூக்குக்குப் போட்டால், அட்டையில் எழுதிய முப்பது மில்லிமீட்டர் அறுபதாக வந்து நிற்கும், வண்டியும் கல்லின் மேல் ஓடுவதுபோல் குலுங்கும்.

பின்பக்கத்துக்கு வழிகள் பல. ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக்குவது மலிவானது. ஐம்பது மில்லிமீட்டர் நீட்டினால் ஆக்சிலில் ஏறக்குறைய இருபத்தைந்துதான் கிடைக்கும், அதோடு ஆக்சிலின் கோணமும் திரும்பும். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் பிளாக் வைப்பது உயரத்தைத் தரும், ஆனால் தளர்ந்த ஸ்பிரிங் தளர்ந்ததாகவே இருக்கும். பிரேக் பிடிக்கும்போதும் பாரத்தோடு கிளம்பும்போதும் பிளாக்கின் உயரம் நெம்புகோலாகி ஸ்பிரிங்கை முறுக்கும். நூறு மில்லிமீட்டர் பிளாக்கை மீன் பாரம் ஏற்றும் வண்டிக்கு நான் ஒருபோதும் பொருத்தமாட்டேன். பழைய கட்டில் ஒரு பிளேட்டைக் கூடுதலாகச் சேர்ப்பது, மற்ற பிளேட்டுகள் நல்ல நிலையில் இருந்தால் ஏற்கத்தக்கது. தங்கள் ஸ்பிரிங் உப்பில் ஊறியிருப்பதால், முழுக் கட்டையும் மாற்றச் சொல்கிறேன். எடை மேடையில் கிடைத்த பின் ஆக்சில் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, வாரத்தில் நான்கு நாள் பாரம், மூன்று நாள் வெறும் வண்டி என்பதையும் சொன்னால், கீழே ஒரு கனமான உதவிப் பிளேட் பாரம் ஏறிய பிறகே வேலைக்கு வரும்படியான கட்டைத் தருவார்கள். தாயார் வரும் நாளில் வெறும் வண்டி அவரைத் தூக்கிப் போடாமல் இருக்க வேண்டுமே, அதற்கும் இதுவே நல்லது.

மாற்றும்போது யூ போல்ட்டுகள் புதியவையாக இருக்க வேண்டும். ஒரு முறை முறுக்கி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடியைக் கொடுக்காது. ஷாக்கிள், லோயர் ஆர்ம் ஆகியவற்றின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுதியாக முறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் எடை ஏறிய பிறகே முறுக்க வேண்டும், இல்லையென்றால் புஷ் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். பின் பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடாமல் இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில பிக்கப்களில், பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் பாரம் இருக்கிறது என்று அறிந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. அத்தகைய வண்டியைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், முழுப் பாரத்தோடு போகும்போதும் வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு எடுத்துக்கொள்ளும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவில் பிரேக் போடுகிற தங்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. தங்கள் வண்டியின் அடியில் அப்படி ஒரு கம்பி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கிய பிறகு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அடியில் அதிர்வு வந்தால், பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சென்டர் பேரிங் கோணம் மாறியிருக்கிறது. அதை அப்படியே விட்டு ஓட்டாதீர்கள்.

தண்ணீரைப் பற்றிய தங்கள் பயம் நியாயமானது, ஆனால் அதற்கு லிஃப்ட் பதில் அல்ல. டயர் மாறாத வரை சக்கரத்தின் நடு தரையிலிருந்து ஏறக்குறைய 38 சென்டிமீட்டரில்தான் இருக்கும். நான்கு அங்குலம் தூக்கினாலும் ஆக்சில் அதே ஆழத்தில் முழுகும். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்த வாரங்களில் என்னிடம் வந்த வண்டிகளில், டிஃபரென்ஷியலின் வடிப்பு போல்ட்டைத் திறந்தால் பால் கலந்த காபியின் நிறத்தில் ஆயில் வந்தது. அவற்றுள் தூக்கிய வண்டிகளும் இருந்தன. எனவே முன், பின் டிஃபரென்ஷியல், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் பிரீதர்களுக்கு ஹோஸ் போட்டு என்ஜின் அறையின் மேல்மட்டம் வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். சிறிய செலவு, பெரிய பாதுகாப்பு. என்ஜினுக்குக் காற்று உள்ளே போகும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடத்தில் தண்ணீர் சக்கரத்தின் நடுவைத் தாண்டி நின்றால், எந்த லிஃப்டோடும் இறங்க வேண்டாம், சுற்றிப் போங்கள்.

வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும். சக்கரங்களின் கோணங்களான கேம்பர், காஸ்டர், டோ மூன்றின் அளவுகளையும் அச்சிட்ட தாளாகக் கேட்டு வாங்குங்கள். காஸ்டர் குறைந்திருந்தால், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் வண்டி நெடுஞ்சாலையில் அலையும். ஹெட்லைட்டையும் இறக்கிச் சரிசெய்ய வேண்டும், அதுவும் பாரத்தோடு. தங்கள் வண்டியின் வீல்பேஸ் ஏறக்குறைய 3.1 மீட்டர், பின்பக்கம் ஐம்பது மில்லிமீட்டர் இறங்கினால், 25 மீட்டர் தொலைவில் ஒளி நாற்பது சென்டிமீட்டர் மேலே ஏறிவிடுகிறது. விடியுமுன் பொன்னேரிச் சாலையில் எதிரே சைக்கிளில் வருகிறவரின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைச் சற்று அதிகமாகத் தூக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. தளர்ந்த ஸ்பிரிங்கை நிறுவனத்தின் அளவிலேயே புதிதாக மாற்றுவது பழுதுபார்ப்பு. அதற்கு மேல் உயர்த்துவது அப்படி அல்ல. ஆகவே பொருள் வாங்குவதற்கு முன்பே, அந்தத் தொகுப்பின் விவரத் தாளோடு தங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். அனுமதி கிடைக்கவில்லை என்றால் நிறுவன அளவிலேயே புதிய ஸ்பிரிங், புதிய ஷாக் அப்சார்பர், பிரீதர் ஹோஸ், ஸ்டெப்னிக்கு ஒரு காப்புத் தகடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவதால் மீளும் உயரமே தங்கள் ஏரிக்கரைப் பாதைக்குப் போதுமானதாக இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு.

உயரத்தை முடிவுசெய்யும்போது தொட்டியின் கதவையும் மறக்காதீர்கள். நான்கு அங்குலம் என்றால், காசிமேட்டில் ஐஸ் பெட்டியை ஏற்றி இறக்குகிறவர் ஒவ்வொரு பெட்டியையும் கிட்டத்தட்ட அரைச் சாண் அதிகம் தூக்க வேண்டும், நாளெல்லாம். தாயாருக்கும் அப்படித்தான். 30 மில்லிமீட்டருக்கே பக்கப் படி ஒன்று பொருத்திவிடுங்கள். கதவுத் தூணில் உள்பக்கக் கைப்பிடி இல்லை என்றால் அதையும் சேர்த்துப் போடுங்கள். புதிய ஸ்பிரிங் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லி, முதல் நாள் அளந்த அதே சிமென்ட் தரையில், அதே டேப்பால், அந்த எட்டு எண்களையும் திரும்ப எடுத்து எனக்கு எழுதி அனுப்புங்கள்.